உன் அண்ணனுக்கு ஒரு புள்ளி

ரவி, நீ ஃபோனில் பேசி முடிக்கும்வரை நான் "ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அதைக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான். ஆனால் ஃபோனில் நான் வாயைத் திறந்தால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். நீ ஹாஸ்டலில் இருந்தபோது படித்த அதே கோணல் எழுத்துதான், பழகிக்கொள். இதை மடித்து ஒட்டி அனுப்பப்போவதில்லை. ஊர்த் தலைவர் ஒரு நகல் கேட்டார், கோயில் சுவரில் ஒட்டுவாராம். ஒட்டட்டும். உனக்கும் எனக்கும் நடுவில் நடந்தது ஊருக்கு முன்னால்தான் நடந்தது, பதிலும் ஊருக்கு முன்னால் இருக்கட்டும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். ஒடிசாவில் பெரிய சம்பளத்தில் வேலை, பொங்கல் கழிந்ததும் மனைவி, பிள்ளையோடு கிளம்புகிறாய். போவதற்கு முன் நீ போட்ட நம் பக்கத்து மேப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதை வைத்துப் பொன்னேரியில் கூட்டம் நடக்கும். நம் ஊருக்கு வடக்கே இருக்கிற மணல் முழுவதும் யாருக்கும் உபயோகமில்லாத காலி நிலம், சவுக்குத் தோப்பு போட ஏற்றது என்று அந்த மேப் சொல்லும். மரம் வைக்கிற கம்பெனி வேலி போடும். கடைசியில் ஒன்று சொன்னாயே, "நீ அந்த மீட்டிங்குக்கு வராதம்மா, உனக்குக் கஷ்டமா இருக்கும்" என்று. அங்கேதான் என் "ம்" கூட நின்றுபோனது.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. போன ஆடியில் நீ வந்தபோது லேப்டாப்பைத் திறந்து எனக்குக் காட்டினாய். வானத்திலிருந்து எடுத்த படத்தில் நம் ஏரி, முகத்துவாரம், லைட்ஹவுஸ், நம் தெரு, நம் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில், ரோடு எவ்வளவு தூரம், வீடு இருக்கிறதா, பயிர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாய். எனக்குப் புரிய வேண்டுமே என்று, "வேற வேற கண்ணி வலைய அடுக்கி வெச்ச மாதிரிம்மா, எல்லா வலையிலயும் தப்பாம நிக்கிற எடம்தான் மரம் வெக்க நல்ல எடம்" என்றாய். எவ்வளவு அழகாகச் சொன்னாய். மறுநாள் மீன் காயப்போடும் இடத்தில் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் சின்னப் பிள்ளை வானத்திலிருந்து மண்ணைப் பார்க்கிறான் என்றேன். அதற்கு எதிர்வீட்டு அஞ்சலை, "அப்போ எங்க வூட்டுக் கோழிய எவன் அமுக்கினு போனான்னு பார்த்துச் சொல்லச் சொல்லு யக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அந்தப் படத்தில் வடக்கு மணல் முழுக்கப் பச்சையாக இருந்தது. "இது இன்னாடா பச்சை?" என்று கேட்டேன். "சவுக்கு நல்லா வர்ற எடம்மா. மேல மணலு, கீழ நல்ல தண்ணி, வூடு இல்ல, பயிர் இல்ல" என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டாய். பசி போலிருக்கிறது என்று நினைத்து நான் சோறு போடப் போனேன். இறால் தொக்கு செய்திருந்தேன். நீ சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பச்சை எந்த இடம் என்று உனக்கு அப்போதே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தட்டைக் கழுவும்போது உறைத்தது.

இதை வெளியூர்க்காரர்களும் படிக்கலாம் என்பதால் அவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கு மணல் எங்கள் ஊரின் இடுகாடு. கல் வைக்க மாட்டோம், சிமெண்டு பூச மாட்டோம், பெயர் எழுத மாட்டோம். மூன்றாம் நாள் பால் ஊற்றுவதோடு சரி. அதன்பிறகு காற்று மேட்டைக் கரைத்துவிடும், அடுத்த மழைக்குள் அது வெறும் மணல். ஏழ்மையால் அப்படி விடவில்லை. ஒருவன் தன் அப்பனுக்குக் கல் வைத்தால் அந்த இடம் அவன் வீட்டு இடமாகிவிடும், நாளைக்கு அவன் பிள்ளை வந்து பங்கு கேட்பான், சண்டை வரும். மணலில் யாருக்கும் பங்கு கிடையாது, எல்லாரும் கலந்து கிடக்கட்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. வசதி வந்த ஒரு குடும்பம் கிரானைட் கல் கொண்டுவந்து இறக்கியபோது, ஊரே கூடி அதைத் திருப்பி வண்டியில் ஏற்றி அனுப்பியது. யாரும் தனியாக உரிமை கொண்டாடக் கூடாது என்று நாங்களே காப்பாற்றி வைத்ததால்தான் மேலே இருந்து பார்க்கிற படத்தில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. படத்தின் தப்பும் இல்லை.

உன் அண்ணன் சேகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீ பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் படகில் போன நாட்களில், முகத்துவாரம் தூர்ந்து ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டால் படகு தரை தட்டும். அவன் இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்று தள்ளுவான். நீ மேலே உட்கார்ந்து, "டேய், புஸ்தகத்து மேல தண்ணி அடிக்காத" என்று அவனைத் திட்டுவாய். "கலெக்டர் சார், ஒக்காருங்க சார்" என்பான். உன்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, உன் கல்யாணத்தில்கூட மேடை ஏறி "கலெக்டர்" என்றுதான் கூப்பிட்டான். பெண் வீட்டார் உண்மையிலேயே கலெக்டர் யாரோ வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றார்கள்.

அவன் போன ஃபைபர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை. நீ அன்றே வந்துவிட்டாய். சுண்ணாம்புக்குளம் வரைக்கும், அதைத் தாண்டி ஆந்திரக் கரையிலும் படகு வைத்துத் தேடினோம். உடம்பு கிடைக்கவில்லை. அமாவாசை வரை காத்திருப்பது நம் ஊர் வழக்கம். அமாவாசையும் போனது. கடலில் போனவனுக்கு அவன் கட்டிக் கழற்றிய துணியை மணலில் வைப்போம், துவைக்காமல். அவன் கொடியில் போட்டுவிட்டுப் போன கட்டம் போட்ட சட்டையை நீதான் எடுத்து வந்தாய். தலைவர் மண்வெட்டி கொடுத்தார், நீ வாங்கவில்லை. கையாலேயே தோண்டினாய். ஈர மணல் வந்த பிறகும் நிறுத்தவில்லை, "போதும்டா, தண்ணி வந்துடும்" என்று நான் உன் தோளைப் பிடித்தேன். உன் அண்ணி செல்வி சட்டையை மடித்துக் கொடுத்தாள். நீ வைத்து மூடினாய். இதை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய் என்றுதான் இன்னும் நம்புகிறேன்.

இனி புரட்டாசியில் நடந்தது. ஊரில் விஷயம் தெரிந்து தலைவர் உனக்கு ஃபோன் செய்தபோது, நீ ஒரு வழி சொன்னாய். "ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆளுங்களைப் பொதைச்ச எடத்துல வந்து நில்லுங்க. நான் ஒரு ஒரு புள்ளியா வெச்சு மேப்ல ஏத்தறேன். புள்ளி இருக்கிற எடத்தை சாஃப்ட்வேர் எடுக்காது" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னாய்: "நான் போடலைன்னா வேற ஒருத்தன் போடுவாம்மா. அவன் உங்களைக் கேக்கக்கூட மாட்டான்." அதுவும் நியாயம்.

சாயங்கால வெயிலில் ஊரே மணலுக்கு வந்தது. நீ கையில் ஒரு கருவியோடு நின்றாய், பக்கத்தில் தொப்பி போட்ட உன் மேலதிகாரி. கல்யாண போட்டோவுக்கு நிற்கிறவர்களைப் போல் எங்களுக்கு ஒரே கூச்சம். எங்கே நிற்பது என்று யாருக்குத் தெரியும்? அஞ்சலை அவள் மாமியாருக்கு ஒரு இடத்தில் நின்றாள். அவள் ஓரகத்தி வந்து, "இங்க இல்லடி, அந்தாண்ட" என்றாள். "ஒனக்கு எப்படித் தெரியும், நீ அன்னிக்கு அழுவுறதுல பிஸியா இருந்த" என்றாள் அஞ்சலை. "நானாவது அழுதேன், நீ அது மூக்குத்தி எங்கன்னு தேடினு இருந்த." அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. தலைவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "கிட்டக் கிட்ட நிக்காதீங்க, பரவி நில்லுங்க, ஒரு எடம் வுடாம நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் உன் நைனாவுக்காக, என் வீட்டுக்காரருக்காக நின்றேன். தெற்கே லைட்ஹவுஸுக்கும் ஒற்றைப் பனைக்கும் நேராக, குத்துமதிப்பாக. எனக்கு வலப்பக்கம் செல்வியும் அவள் மகளும் சேகருக்காக நின்றார்கள். நீ ஒவ்வொருவரிடமும் வந்து பெயர் கேட்டுக் கருவியில் அழுத்தினாய். சேகர் பெயரை நீ கேட்கவில்லை. நீயாகவே எழுதிக்கொண்டாய். அந்தப் புள்ளி விழுந்ததை நான் பார்த்தேன், சிவப்பாக இருந்தது.

அதோடு நீங்கள் கிளம்பியிருக்கலாம். உன் மேலதிகாரி செல்வியைப் பார்த்து, "சின்ன வயசா இருக்கீங்களேம்மா. வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லாம போனாரா?" என்று கேட்டார். இரக்கத்தில்தான் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், வாயைத் திறக்காதே என்று. நான் திறந்தேன். "கடல்ல போனான் சார். உடம்பு கெடைக்கல. சட்டையைத்தான் வெச்சோம்" என்றேன்.

அவர் உன்னைப் பார்த்தார். "ரவி, உடம்பு இல்லாத இடத்தை எல்லாம் இடுகாடுன்னு எப்படிக் காட்ட முடியும்? ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். பிறகு சத்தமாக, உடம்பைப் புதைத்தவர்கள் மட்டும் நில்லுங்கள் என்றார். கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள், புருஷனைக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகி ஓரமாகப் போனார்கள். நம் ஊரில் அப்படி எத்தனை பேர் என்று அன்றுதான் நானே முழுதாகப் பார்த்தேன். மீதி நின்றவர்களிடம், சரியாக இதே இடம்தானா என்று கேட்டார். "இங்கதான் சார், இந்தச் சுத்துப்பக்கத்துல" என்றார்கள். சுற்றுப்பக்கம் எல்லாம் கணக்கில் வராது என்றார். எல்லாப் புள்ளியையும் அழிக்கச் சொன்னார்.

செல்வி உன்னிடம் வந்தாள். "தம்பி, இது ஒங்க அண்ணன்னு அவருகிட்ட சொல்லுங்க தம்பி" என்றாள். நீ கருவியைப் பார்த்தபடியே, "அண்ணி, சாஃப்ட்வேர்ல அதுக்கு எடம் இல்ல" என்றாய். அழுத்தினாய். சேகரின் சிவப்பு போய்விட்டது. நீ தோண்டிய கையாலேயே அழித்தாய் என்று எழுதக் கூடாது என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

நீங்கள் போன பிறகு ஊரே என்மேல் பாய்ந்தது. "ஒரு பொய் சொன்னா நாக்கு அவுந்து வுழுந்துடுமா யக்கா? காச்சல்ல போனான்னு சொல்லிட்டுப் போறது" என்றாள் அஞ்சலை. அவள் பேசியதில் தப்பில்லை. என் ஒரு வார்த்தையால் எல்லாருடைய புள்ளியும் போனது. சில வீடுகளில் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தண்ணீர் லாரி வந்தால் என் குடத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நான் கர்வக்காரி, பொய் சொல்ல மாட்டேன் என்கிற திமிர் என்று பேசுகிறார்கள். திமிர் இல்லை ரவி. உடம்பு கிடைத்தது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? அப்படிச் சொன்னால் அவன் கரைக்கு வந்துவிட்டான், நான் அவன் முகத்தைக் கழுவினேன், நெற்றியில் திருநீறு பூசினேன் என்று ஆகிவிடும். கடல் எனக்கு அதைத் தரவில்லை. தராததைத் தந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் படகுகள் வரும்போது இன்னும் நான் கரையில் போய் நிற்கிறேன், மீன் வாங்க என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ அந்த நேரத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் வேலையில் பொய் கூடாது, நான் வளர்த்த பிள்ளை அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் "இது என் அண்ணன்" என்பது பொய் இல்லையே. அதை அவரிடம் சொல்லியிருந்தால் அவர் மனம் மாறியிருக்கும் என்றும் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, சரி, அழியுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். நிலம் போயிருக்கும். ஆனால் செல்வி அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கொடியில் கிடந்த அத்தனை துணியையும் எடுத்து மூட்டை கட்டி உள்ளே வைத்திருக்க மாட்டாள். இன்றுவரை அவள் வெளியே துணி காயப்போடுவதில்லை. நீ சேகரின் சட்டையை எடுத்ததும் அந்தக் கொடியிலிருந்துதான்.

ஒடிசாவும் கடல் ஊர்தான் என்கிறார்கள். அங்கேயும் நிலம் பார்க்கத்தான் போகிறாய். உனக்குப் புத்தி சொல்கிற படிப்பு எனக்கு இல்லை, பெற்றவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். படத்தில் காலியாகத் தெரிகிற இடத்துக்குப் போனால், கருவியை உடனே பையிலிருந்து எடுக்காதே. சும்மா நில். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பொம்பளை வந்து, அந்த ஊர்ப் பேச்சில் "இன்னா வேணும் ஒனக்கு?" என்று கேட்பாள். வந்தால் அது காலி இடம் இல்லை. யாருமே வராவிட்டால் மரம் வை, நானும் சந்தோஷப்படுகிறேன். சவுக்கின்மேல் எனக்கு என்ன பகை? நம் வீட்டுப் பந்தல்கால் எல்லாம் சவுக்குதான்.

எனக்கும் வயதாகிவிட்டது. இந்த மழைக்கு மூச்சு வாங்கியது, பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். உன்னிடம் சொல்லாதே என்று செல்வியிடம் நான்தான் சொன்னேன். வேலி வந்த பிறகு நான் போனால், ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாகக் காம்பவுண்டு போட்ட இடத்தில்தான் வைப்பார்களாம், நம்பர் போட்ட கல்லோடு. உன் நைனா ஒரு பக்கம், சேகரின் சட்டை ஒரு பக்கம், நான் ஏரிக்கு அந்தாண்டை. ஆனால் இதைக் காட்டி உன்னைக் கெஞ்ச மாட்டேன். கெஞ்சி யாரிடமும் எதையும் நான் வாங்கியதில்லை.

கூட்டத்துக்கு நான் வருகிறேன். செல்வியும் அவள் மகளும் வருகிறார்கள். மேப்பைக் கிழி என்றோ, வேலையை விடு என்றோ நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தச் சிவப்புப் புள்ளியைத் திரும்ப வை. பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுது: உடல் இல்லை, கடலில் போனவர், பெயர் சேகர், இந்த மேப்பைப் போட்டவனின் அண்ணன். சாஃப்ட்வேரில் இடம் இல்லை என்றால் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுது. அதை வைத்து அவர்கள் மணலை விடுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. விடமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நீ எழுதாவிட்டாலும் நான் அங்கே எழுந்து நிற்பேன். இந்த மேப்பைப் போட்டது யார் என்று கேட்டால் என் சின்ன மகன் என்பேன், நன்றாகப் போட்டிருக்கிறான் என்றும் சொல்வேன். அந்த மணலில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் என் பெரிய மகன் என்பேன். அப்போது அவர்கள் உன் பக்கம் திரும்பி, இந்த அம்மா சொல்வது உண்மையா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், ரவி. பெற்றவளால் முடியாது. செல்வி பார்ப்பாள். உன் அண்ணன் மகள் பார்ப்பாள்.

அம்மா